எண்ணெய் டின்னோடு மூன்று ஞாயிறு

வால்வுக்காரருக்கு அந்தப் பெயரை யாரும் வைக்கவில்லை, அவரே சம்பாதித்துக்கொண்டார். அமெச்சூர் ரேடியோ கிளப்பில் எந்தப் பேச்சு எழுந்தாலும், வெளியே மழை என்று யாராவது சொன்னால்கூட, மூன்றாவது நிமிடத்தில் அதைப் பழைய ரேடியோக்களின் கண்ணாடி வால்வில் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். வேலையில் இருந்த காலத்தில் அவர் லிஃப்ட் மெக்கானிக். கதவு முழுசாகச் சாத்தாமல் லிஃப்ட் ஓர் அங்குலம் நகரக் கூடாது என்று கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கிப் பார்த்து, முப்பத்திரண்டு வருடம் சம்பளம் வாங்கியவர். தன் வீட்டுப் பின்னறையில் மட்டும் அப்படி ஒரு பாதுகாப்பை வைக்க அவருக்குத் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்று இப்போது யார் கேட்டாலும், "திமிரு, வேற என்ன" என்று அவரே சொல்வார்.

அந்தப் பின்னறையில் இரண்டு பெட்டிகள். பேசுவதற்கு ஒன்று, கேட்பதற்கு ஒன்று. பேசும் பெட்டியை அவர் தன் கையாலேயே செய்தார். இரண்டு ஆள் சேர்ந்தால்தான் தூக்க முடியும். சுவிட்சைப் போட்டால் உள்ளே நான்கு கண்ணாடி வால்வுகள் ஆரஞ்சு நிறத்தில் கண் விழிக்க மூன்று நிமிடம் ஆகும். அந்த மூன்று நிமிடத்தை அவர் பெருமையாகச் சொல்வார், ஏதோ அவர் கொடுத்த அவகாசத்தில்தான் உலகம் தயாராகிக்கொண்டிருக்கிறது என்று. கேட்கும் பெட்டிக்குத் தனி ஏரியல். இரண்டும் ஒரே பெட்டியில் இருந்தால் அது ரேடியோவே இல்லை, பொம்மை என்பது அவருடைய தீர்ப்பு.

பேசும் பெட்டியிலிருந்து போகும் கேபிள் சுவரில் ஒரு பெரிய சுவிட்சுக்குப் போகும். சுவிட்ச் மேலே இருந்தால் சத்தம் மொட்டைமாடி ஏரியலுக்குப் போய் அங்கிருந்து கடல் தாண்டும். கீழே இருந்தால் மேசைக்கு அடியில் இருக்கும் எண்ணெய் டின்னுக்குப் போகும். பெயிண்ட் டின் அளவு. உள்ளே எண்ணெயும் அதில் முங்கிய ஒரு மின்தடையும். செட்டைச் சோதிக்கும்போது ஊரார் காதைப் புண்ணாக்காமல் இருக்க இந்த ஏற்பாடு. டின்னுக்குள் போன பேச்சு சூடாகி எண்ணெயில் கரைந்துபோகும். அவ்வளவுதான் அதன் பயணம்.

கப்பல்காரர் கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர். கப்பல்களில் ரேடியோ அதிகாரியாக இருந்து கரையேறி, மனைவி போன பிறகு தனியாக இருக்கிறார். பத்தொன்பது வருடமாக ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இருவரும் பேசுவார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. கப்பல்காரருக்கு மூக்கு எப்படி இருக்கும் என்று வால்வுக்காரருக்குத் தெரியாது. ஆனால் எந்த முட்டியில் வலி, எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்பதெல்லாம் தெரியும். போன் நம்பர் மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை. போனில் பேச யாரால்தான் முடியாது என்பது இருவருக்கும் கொள்கை. முகவரியும் கிடையாது. இவ்வளவு முட்டாள்தனத்தை ஒருவராகச் செய்வது கஷ்டம், இரண்டு பேர் சேர்ந்ததால் முடிந்தது.

ரேடியோக்காரர்கள் பேச ஆரம்பித்தால் இரண்டு கேள்வி கேட்டே ஆக வேண்டும். என் சத்தம் எப்படி வருகிறது? உங்கள் செட் என்ன? பத்தொன்பது வருடம் பழகியவர்களும் இதைக் கேட்பார்கள், வீட்டுக்கு வந்தவரை உட்காரச் சொல்வது மாதிரி. ஒவ்வொரு முறையும் வால்வுக்காரர் தன் செட்டை இரண்டு நிமிடம் வர்ணிப்பார். ஒவ்வொரு முறையும் கப்பல்காரர் முதல் தடவை கேட்பதைப் போலவே கேட்டுக்கொள்வார். அப்படிப்பட்ட மனிதர் ஒரு ஞாயிறு இந்தக் கேள்விக்கு வேறு பதில் சொன்னார்.

"செட்டு புதுசுப்பா. சின்னப் பெட்டி, கம்ப்யூட்டரோட சேர்த்துக்கலாம். ஏன் வாங்கினேன்னு ஒரு பெரிய கதை இருக்கு, பொறுமையா சொல்றேன். மொதல்ல என் சத்தம் எப்படி வருதுன்னு நீ சொல்லு. ஓவர்."

ரேடியோவில் ஒரு வசதி உண்டு. மைக் பட்டனை ஒருவர் பிடித்திருக்கும்வரை அவருக்கு எதிராளியின் குரல் கேட்காது. வால்வுக்காரர் பட்டனைப் பிடித்தார். பதினொரு நிமிடம் விடவில்லை. அது நீ பேசுவது இல்லை, கம்ப்யூட்டர் பேசுவது என்றார். உன் குரலை அரைத்துச் சலித்து மாவாக்கி அனுப்புகிறது என்றார். கப்பலில் முப்பது வருடம் உட்கார்ந்தவன் கடைசியில் பிளாஸ்டிக்குக்குக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாயே என்றார். கடைசியில், "எனக்கு வேலை இருக்கு" என்று சொல்லி, பதிலுக்குக்கூட நிற்காமல் செட்டை அணைத்தார். அவருக்கு அன்று எந்த வேலையும் இல்லை.

பதினொரு நிமிடம் இடைவிடாமல் கத்தியதில் வால்வு ஒன்று படுத்துவிட்டது. மத்தியானமே வீட்டில் இருந்த ஒரே மாற்று வால்வை எடுத்துப் போட்டார். சுவர் சுவிட்சைக் கீழே தள்ளி, எண்ணெய் டின்னில் சோதித்தார். மீட்டர் முள் ஆடாமல் அசையாமல் நின்றது. "ஏங்க, சாப்பாடு ஆறுது" என்று மனைவி கூப்பிட்டார். கையைத் துடைத்துக்கொண்டு போனவர் சுவிட்சை மேலே தள்ளவில்லை. இது நமக்குத் தெரிந்துவிட்டது. அவருக்குத் தெரிய மூன்று ஞாயிறு ஆனது.

முதல் ஞாயிறு பத்து மணிக்குக் கப்பல்காரரின் குரல் தெளிவாக வந்தது. இவர் பதில் சொன்னார். அவர் மறுபடி கூப்பிட்டார். இவர் மறுபடி பதில் சொன்னார்.

"நீ இருக்கியாப்பா? ஒண்ணும் கேக்கலையே. என் மேல கோபமா?" என்றது குரல்.

"இருக்கேன், இருக்கேன். உன் பெட்டிக்குத்தான் காது செவிடு" என்று இவர் எண்ணெய் டின்னிடம் சொன்னார். மீட்டர் முள் என்றைக்கும் இல்லாத ஒழுக்கத்தோடு நின்றது. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்குச் சந்தேகம் எல்லாம் எதிர்ப்பக்கம் போனது. என் செட் இவ்வளவு நன்றாக இருக்கும்போது வேறு யாருடைய குற்றமாக இருக்கும்?

மழைக்காலம். துணி எதுவும் காயவில்லை. தேநீரோடு வந்த மனைவி, மேசைக்கு அடியில் கால் பட்டதும் குனிந்து பார்த்து, "இந்த டின்னு நல்லா கதகதன்னு இருக்குங்களே" என்றார். பேசாதே என்று இவர் கையைக் காட்டினார். அந்தக் கை முப்பது வருடமாக அந்த வீட்டில் அடிக்கடி காட்டப்பட்ட கை. மனைவி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் போய், ஈர சாக்ஸ்களோடு திரும்பி வந்தார்.

வாரநாட்களிலும் அவர் எல்லாத் திசைக்கும் கூப்பிட்டுப் பார்த்தார். உலகம் முழுக்கப் பேசிக்கொண்டிருப்பது காதில் விழுந்தது, இவருக்கு மட்டும் ஒருவரும் பதில் சொல்லவில்லை. ரேடியோ அலைகளைக் கெடுக்கும்படி சூரியனில் ஏதோ கோளாறு என்று முதலில் நினைத்தார். பிறகு இன்னும் நல்ல காரணம் கிடைத்தது. எல்லோரும் கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டதால் நிஜமான குரலைக் கேட்கும் காது உலகத்தில் குறைந்துவிட்டது. இந்த விளக்கம் அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. புதன்கிழமை கிளப் கூட்டத்துக்கு அதையே தூக்கிக்கொண்டு போனார்.

கிளப் நடப்பது ஒரு டயர் கடையின் மாடியில். ரப்பர் வாசனைக்கு நடுவே பதினைந்து நாற்காலிகள். ஒரு பக்கம் வால்வுக்காரரின் கட்சி, எல்லோருக்கும் மூக்கு நுனியில் கண்ணாடி. இன்னொரு பக்கம் லேப்டாப் கட்சி, அதற்குத் தலைவி பல் டாக்டர். முப்பத்தைந்து வயது, வால்வுக்காரர் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி வீடு, கீழே கிளினிக். அவருடைய செட் ஒரு புத்தகம் அளவுதான். வால்வு செட் எல்லாம் கண்காட்சியில் கயிறு கட்டி வைக்க வேண்டியது என்று அவரும் சும்மா இருக்காமல் சொல்லியிருக்கிறார். அவர் செட்டுக்கு வந்த கையேடு முந்நூறு பக்கம், அவர் படித்துத் தாண்டியது நாற்பது பக்கம் என்பது வேறு விஷயம்.

வால்வுக்காரர் ஞாயிற்றுக்கிழமை கேசட்டில் பதிவு செய்ததைப் போட்டுக் காட்டினார். கப்பல்காரரின் குரல் டயர்களுக்கு நடுவே எழுந்தது.

"கண்ணை மூடிக் கேளுங்க. குரல்ல ரத்தம் இருக்கா? இல்ல. பத்தொன்பது வருஷமா கேட்ட காது இது. இது அவன் இல்ல, அவன் பெட்டி. புதுப் பெட்டிக்கும் பழைய செட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்."

அவர் கட்சி கண்ணை மூடித் தலையாட்டியது.

"அவர் கோபமான்னு கேக்குறாரே, நீங்க பதில் சொல்லலையா?" என்று பின்னால் இருந்து ஒருவர் கேட்டார்.

"சொன்னேன். பெட்டிக்குக் கேக்கல."

பல் டாக்டர் எழுந்தார். "சார், உங்க சிக்னல் பத்தி ஒரு விஷயம் சொல்லணும். நான் ஞாயித்துக்கிழமை..."

"டாக்டரம்மா, சால்டரிங் அயர்ன்ல கை சுட்டுக்காதவங்க சிக்னலைப் பத்திப் பேசக் கூடாது. தப்பா எடுத்துக்காதீங்க."

"நான் பல்லுக்குள்ள கம்பி விடுறவ சார்" என்று சொல்லிவிட்டு டாக்டர் உட்கார்ந்துவிட்டார். அறையில் சிரிப்பு. தன் கட்சிதான் ஜெயித்தது என்று வால்வுக்காரர் நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

இரண்டாம் ஞாயிறும் அதே கூத்து. ஆனால் கப்பல்காரரின் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "நான் சொன்னது தப்புன்னா தப்புதான்பா. ஒரு வார்த்தை பேசிடு" என்றார். வால்வுக்காரரோ, பெட்டியைத் தூக்கிப்போட்டுவிட்டுப் பழைய செட்டை எடு, எடுத்தால் நான் பேசுவது கேட்கும் என்று தொண்டை வறளக் கெஞ்சினார். மேசைக்கு அடியில் நான்கு ஜோடி சாக்ஸ் காய்ந்தது.

மூன்றாம் ஞாயிறு குரல் வந்தபோது மணி பத்து ஐந்து.

"நீ கேக்குறியான்னு தெரியல. கேட்டா கேளு. நான் இன்னைக்கு மகள் வீட்டுக்கு மாறிப் போறேன். பதினாலாவது மாடி. மொட்டைமாடியில ஏரியல் கட்ட அங்க விட மாட்டாங்க. இங்க இருக்கிறதைக் கழட்டப் பத்தரைக்கு ஆள் வர்றாங்க. அதுவரைக்கும் செட்டை அணைக்காம உக்கார்ந்திருக்கேன். கோபம் தீர்ந்திருந்தா வா. தீரலைன்னா, சரி, பத்தொன்பது வருஷம் பேசினதே பெருசு. ஓவர்."

வால்வுக்காரர் மைக்கைப் பிடித்து, "எனக்குக் கோபமே இல்லடா, உன் மேல எனக்கு என்னடா கோபம்" என்று கத்தினார். பட்டனை விட்டார். அந்தப் பக்கம் வெறும் இரைச்சல். போன் நம்பர் இல்லை, முகவரி இல்லை. பத்தரை தாண்டினால் கப்பல்காரர் என்ற ஒருவர் அவர் வாழ்க்கையில் இருந்ததற்கு ஒரு கேசட் மட்டும்தான் மிச்சம். அதிலும் கோபமா என்றுதான் அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். மறுபடி பட்டனை அழுத்தினார், மறுபடி கத்தினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அழுதார் என்றே சொல்லலாம், அவரே அப்படித்தான் சொல்கிறார்.

சத்தம் கேட்டு மனைவி உள்ளே வந்தார். ஏரியல், சூரியன், வால்வு எதுவும் அவருக்குத் தெரியாது. வெறுங்காலை ஈரத் தரையில் வைத்து உட்கார்ந்து ஒரு மனிதர் கத்திக்கொண்டிருப்பது தெரிந்தது. குனிந்து மேசைக்கு அடியிலிருந்து ஒரு ஜோடியை எடுத்து நீட்டினார்.

"மொதல்ல இதைப் போடுங்க. சளி பிடிச்சுக்கப் போகுது."

மைக்கை ஒரு கையில் பிடித்தபடியே அவர் காலை உள்ளே விட்டார். சுட்டது.

"இதை எங்க காயப் போட்ட?"

"உங்க டின்னு மேலதான். மூணு வாரமா அங்கதானே போடுறேன். நீங்க பேசப் பேச நல்லா காயுது."

அவர் டின்னைப் பார்த்தார். டின்னிலிருந்து கேபிளைப் பார்த்தார். கேபிள் வழியாகக் கண் சுவருக்கு ஏறியது. சுவிட்ச் கீழே பார்த்துக்கொண்டு நின்றது.

இங்கே அவர் செய்திருக்க வேண்டியது எளிது. பட்டனை விட்டுவிட்டு, சுவிட்சை மேலே தள்ளி, செட்டை ஏரியலுக்குத் தக்கபடி திருப்பிச் சரிசெய்துகொண்டு பேச வேண்டும். இரண்டு நிமிட வேலை. பேசிக்கொண்டிருக்கும்போது சுவிட்சைத் தொடாதே, வால்வு போய்விடும் என்று கிளப்பில் சேரும் ஒவ்வொருவருக்கும் அவர்தான் பாடம் எடுப்பார். அதற்குப் படம்கூட வரைந்து டயர் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறார். பட்டனை விடாமலே எழுந்து சுவிட்சை ஓங்கி மேலே தள்ளினார். சுவிட்சில் நீலமாக ஒரு மின்பொறி வெட்டியது. நான்கு ஆரஞ்சுக் கண்ணில் ஒன்று அணைந்தது. கருகிய வாசனை வந்தது. மாற்று வால்வு ஏற்கெனவே உள்ளேதான் இருந்தது, இப்போது அணைந்ததே அதுதான்.

மணி பத்து பதினேழு.

இரண்டு தெருவை அவர் சாக்ஸோடு ஓடினார். செருப்பு மாட்டும் யோசனை முதல் தெரு திரும்பிய பிறகுதான் வந்தது. கிளினிக் ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். பக்கவாட்டு மாடிப்படியில் ஏறிக் கதவைத் தட்டினார். பல் டாக்டர் திறந்தார். மூச்சிரைக்க நிற்பவரையும் சேறு சொட்டும் சாக்ஸையும் பார்த்தார்.

"டின்னா?" என்று கேட்டார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மூணு வாரமா நீங்க பேசுறது எனக்கு மட்டும்தான் சார் கேக்குது. ரெண்டு தெரு தாண்டுற அளவுக்குத்தான் டின்னுல இருந்து கசியும். இன்டர்நெட்டுல வேற ஊர் ரிசீவர்லயும் தேடிப் பார்த்தேன், எங்கயும் நீங்க இல்ல. அன்னைக்குச் சொல்ல எந்திரிச்சேன்." டாக்டர் வழிவிட்டு ஒதுங்கினார். "வீட்டுக்கே வந்து சொல்லியிருக்கணும். எனக்கும் வீம்பு" என்றார்.

உள்ளே மேசையில் அந்தப் புத்தக அளவுப் பெட்டி இருந்தது, பக்கத்தில் லேப்டாப். அலைவரிசை ஏற்கெனவே அங்கேதான் நின்றது. கிளப்பில் பாதிப்பேர் ஞாயிறு பத்து மணிக்கு அதைத்தான் கேட்பார்கள் என்பது வால்வுக்காரருக்கும் தெரியும். அவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் டாக்டர் மைக்கை நீட்டினார். சோப்பு டப்பா கனம்கூட இல்லை. சூடாக மூன்று நிமிடமும் தேவைப்படவில்லை.

"கப்பலு, நான்தான். கேக்குதா? ஓவர்."

பட்டனை விட்டார். இரைச்சலே இல்லை.

"கேக்குது" என்றது குரல். "ரொம்ப நல்லா கேக்குதுப்பா. பக்கத்துல உக்கார்ந்து பேசுற மாதிரி இருக்கு. இவ்வளவு நல்லா நீ எனக்கு வந்ததே இல்ல. என்ன பண்ணின? செட்டு என்ன? ஓவர்."

கேட்டே ஆக வேண்டிய கேள்வி. பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்வி. ஊர் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறது. வால்வுக்காரர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"செட்டு... பிளாஸ்டிக். கறுப்புப் பெட்டி. பக்கத்துல லேப்டாப்பு. என்னது இல்ல, டாக்டரம்மாது. எனக்கு உன் மேல கோபம் எல்லாம் இல்லப்பா. மூணு வாரமா உனக்குப் பதில் சொல்லிட்டுதான் இருக்கேன், சுவிட்ச் கீழ இருந்திருக்கு. எண்ணெய் டின்னுகிட்டப் பேசி சாக்ஸ் காய வச்சிருக்கேன். இது தெரியாம உன் பெட்டி செவிடுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன். உன் குரல்ல ரத்தமே இல்ல, பெட்டிக் குரல்னு கிளப்புல கேசட்டுப் போட்டுக் காமிச்சேன். மன்னிச்சுக்க. ஓவர்."

அந்தப் பக்கம் சிரிப்பு. நிற்கவில்லை. ஒரு நிமிடம் முழுக்கச் சிரிப்பிலேயே போனது. மணியைப் பார்த்து வால்வுக்காரருக்குப் பதற்றம், ஆனால் அவர் பட்டனைத் தொடவில்லை.

"கேசட்டுப் போட்டியா? அடப்பாவி. நான் மூணு வாரமா பேசுறது பழைய செட்டுலப்பா. நீ அன்னைக்குத் திட்டிட்டுப் போனியே, அப்பவே புதுசை டப்பாவுல போட்டு மூடிட்டேன். பரண்ல கெடந்த வால்வு செட்டை எறக்கித் துடைச்சு வச்சேன். உனக்குப் பிடிச்ச குரல்ல கூப்பிட்டாலாவது வருவேன்னு. இப்பவும் அதுலதான் பேசுறேன். ஓவர்."

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் காது. ஜன்னல் பக்கம் திரும்பியிருந்த டாக்டரின் தோள் குலுங்கியது.

"இருக்கியா? புதுசு எதுக்கு வாங்கினேன்னு அன்னைக்கே சொல்ல வந்தேன். பதினாலாவது மாடியில பால்கனிதான் இருக்கு, ஒரு முழம் கம்பி கட்டலாம். அந்தச் சின்னப் பெட்டி ஒண்ணாலதான் அதை வச்சுக்கிட்டு உன் வரைக்கும் வர முடியும். குரல் வராது, கம்ப்யூட்டர்ல எழுத்தா வரும். நீயும் அப்படி ஒண்ணு வச்சாதான் படிக்க முடியும். அதுக்குத்தான் வாங்கினேன், உன்னை விட்டுட்டுப் போகக் கூடாதுன்னு. நீ மைக்கை விடல. இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு. எப்படின்னு மெதுவா சொல்றேன், எழுதிக்கிறியா? ஓவர்."

"சொல்லு" என்றார் வால்வுக்காரர். அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. டாக்டர் ஒரு பேனாவையும் மருந்துச்சீட்டுக் கட்டையும் அவர் முன்னால் வைத்தார். வலது கையில் பேனாவை எடுத்துக்கொண்டார். இடது கை தானாக மைக் பக்கம் போய்விடுமோ என்று பயந்து, அதைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்.